பெத்லகேம் ஒரே ஊர்

பாக்கியநாதன் மாஸ்டர் சாதாரணமாகப் பேசினாலே சண்டை பிடிப்பது போலத்தான் இருக்கும். சூரமங்கலத்தில் அவர் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் அந்த வீட்டுப் பக்கம் போகவே தயங்குவார்கள். இரண்டாவது வாரம், குழம்புக்கு உப்பு போதும் என்று மனைவியிடம் அவர் சொன்னதுதான் அந்தச் சத்தம் என்று தெரிந்துகொண்டு சிரிப்பார்கள். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? ஜோலார்பேட்டை லோகோ ஷெட்டில் பாய்லருக்குள்ளே குந்திக்கொண்டு, வெளியிலிருந்து சம்மட்டி அடி விழுகிற ஆணியை உள்ளே தாங்கிப் பிடித்தே தலை நரைத்த மனிதர். அங்கே மெல்லப் பேசுகிறவனும் ஊமையும் ஒன்றுதான்.

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் மாதா கோயிலின் பாட்டுக்குழு இருந்தது. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தடித்த விரல்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை நயம் வருமோ. அவருக்கு இடப்பக்கம், ஆர்மோனியத்தை ஒட்டினாற்போல அவர் மனைவி இசபெல்லா நிற்பாள். அவள்தான் முதல் குரல். பின்னால் மற்றவர்கள். அவர்களில் மிக்கேல் என்கிற டிக்கெட் பரிசோதகர் அடிக்குரலில் பாடும்போது பெஞ்சு அதிரும்.

மாஸ்டருடைய ஒரே மகள் அன்னாள் டெலிபோன் ஆபரேட்டர். கோயம்புத்தூர் எக்சேஞ்சில் பல வருஷம் இருந்துவிட்டு அந்த ஆண்டுதான், அறுபத்து மூன்றில், சேலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு பிழைப்பு. மழைக்கு லைனில் வருகிற இரைச்சல் வேறு, கம்பி உரசி வருகிற இரைச்சல் வேறு என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். காது விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அதற்கு நல்ல அடி விழுந்தது.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊர் ஊராகக் கோயில் பாட்டுகளை ஒலிபரப்பப் போவதாகவும், பாட்டை டேப்பில் பதிவு செய்து அனுப்பலாம் என்றும் திருச்சி வானொலியிலிருந்து தகவல் வந்தது. பங்குச் சாமியார் வேறு எதையும் யோசிக்கவில்லை. "மாஸ்டரு கட்டின பாட்டையே அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டார். அது மாஸ்டர் கல்யாணத்துக்கு முன்பே மெட்டுப் போட்ட பாட்டு. 'விழித்திரு பெத்லகேமே, விருந்தாளி வருகிறான்' என்று தொடங்கும். பெத்லகேம் என்ற சொல்லை அவர் நீட்டோ நீட்டென்று நீட்டியிருந்தார். ஒரே மூச்சில் அதைப் பாடி முடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. இசபெல்லா நடுவில் ஒரு மூச்சு வாங்கிவிடுவாள். அன்னாள் சிறுமியாக இருந்த நாளில் வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் இதைப் பாடிப் பார்ப்பார்கள், ஒவ்வொரு முறையும் இதற்காக ஒரு திட்டு விழும்.

"பெத்லகேம் ஒரே ஊரு புள்ள. நடுவுல எதுக்கு வண்டியை நிறுத்தறே?"

இசபெல்லா பதிலே சொல்லமாட்டாள். அடுத்த வாரமும் அதே இடத்தில் நிறுத்துவாள். அந்தத் திட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை அன்னாளின் சின்ன வயது ஞாபகத்தில் கிடையாது.

ரெக்கார்டிங் மெஷினுக்குச் சின்னுசாமியைப் பிடித்தார்கள். எடப்பாடித் தறிக்காரக் குடும்பம். தறியைத் தம்பிமார்களிடம் விட்டுவிட்டு ஜங்ஷன் பக்கத்தில் ரேடியோக் கடை வைத்து, கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் போடுகிறவர். ஏற்காட்டில் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் அந்த டேப் ரெக்கார்டரை வாங்கியிருந்தார். குழந்தையைத் தூக்கி வருவது போல அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து பீடத்துக்கு எதிரே மேசைமேல் வைத்தார். மெஷினின் முகத்தில் பச்சையாக ஒரு கண் எரிந்தது. மைக்கில் சத்தம் விழ விழ அந்தக் கண்ணின் இரண்டு இமைகளும் நெருங்கும். சேர்ந்து முட்டிக்கொண்டால் சத்தம் அதிகம், டேப்பில் கரகரக்கும் என்று அர்த்தம்.

"என்ன சின்னுசாமி, எல்லாம் தயாரா?" என்று மாஸ்டர் கேட்டார். தூரத்தில் நின்றுதான் கேட்டார். பச்சைக் கண் இறுக மூடிக்கொண்டது.

"மாஸ்டரு பேசினா மெஷினே கண்ணை மூடிக்குதுங்க" என்று சின்னுசாமி அன்னாளிடம் சொன்னார். மாஸ்டர் அதற்கும் பொதுவாகத் தலையாட்டினார்.

ஹெட்போன் இரண்டு இருந்தன. ஒன்று துரையின் மெஷினோடு வந்தது. மெல்லிய கம்பி, பஞ்சு வைத்த வட்டம், தலையில் வைத்தால் பூ வைத்தது போல இருந்தது. மற்றது செவ்வாய்ப்பேட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கியது. யுத்தத்தில் டாங்கிக்குள்ளே யாரோ சிப்பாய் மாட்டியிருந்ததாம். கறுப்பு ரப்பரில் கிண்ணம் கிண்ணமாக இரண்டு காதையும் கவ்விக்கொள்ளும். அன்னாள் இரண்டையும் போட்டுப் பார்த்தாள். துரை ஹெட்போனில் மிக்கேலின் குரல் தேனாகக் குழைந்தது. சிப்பாய் ஹெட்போனிலோ அதே குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. போதாததற்குத் தலைவலி வேறு. பதிவு முழுக்க இவள்தான் கேட்டுக்கொண்டிருந்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். துரை ஹெட்போனையே எடுத்துக்கொண்டாள்.

"அம்மிணி, ரெண்டு காதையும் மூடிக்கோங்க" என்றார் சின்னுசாமி.

"எங்க எக்சேஞ்சுல ஒத்தக் காதுதானுங்கண்ணா. இன்னொரு காது சூப்பர்வைசருக்கு" என்று சொல்லி, பழக்கதோஷத்தில் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

அன்று மாலை திருச்சி வண்டியில் மிக்கேலுக்கு வேலை. அவர் கையோடு டேப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. மறுநாள் மெஷினுக்கு எடப்பாடியில் வேறு கல்யாணம். ஆகவே செய்வதை அன்றே செய்தாக வேண்டும். மின்விசிறிகளை நிறுத்தினார்கள், குருவிகளை விரட்டினார்கள், ஒரு கூட்ஸ் வண்டி ஊதிவிட்டுப் போகும்வரை காத்திருந்தார்கள். மாஸ்டர் ஆர்மோனியத்தில் கை வைத்தார். பாட்டு நிறைந்து வழிந்தது. அன்னாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிரமாதம் என்று கையால் காட்டினாள்.

டேப்பைத் திருப்பிப் போட்டபோது எல்லோர் முகமும் தொங்கிப்போயிற்று. குரல்களெல்லாம் பக்கத்துத் தெருவில் பாடுவது போல ஒல்லியாக இருந்தன. அதற்கும் மேலே, ஒவ்வொரு அடி தொடங்குவதற்கு முன்னாலும் 'டக், டக்' என்று ஒரு சத்தம். கதவைத் தட்டுவது போலத் தெளிவான சத்தம்.

அன்னாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கே தவறு என்று உடனே புரிந்தது. கோயில் முழுக்கப் பாட்டு முழங்கும்போது பஞ்சு ஹெட்போனும் திறந்த காதுமாக உட்கார்ந்தால் மைக் எதைக் கேட்கிறது என்று எப்படித் தெரியும்? அவள் கேட்டது எதிரே நின்று பாடியவர்களைத்தான். டேப்பில் ஏறியதை அவள் கேட்கவே இல்லை. ட்ரங்க் காலில் ஆயிரம் பேருக்கு லைன் சரிபார்த்தவள் சொந்த அப்பா பாட்டில் கோட்டை விட்டாள். சிப்பாய் ஹெட்போனை எடுத்து இரண்டு காதிலும் இறுக்கிக்கொண்டாள். வெளியுலகம் பட்டென்று அடங்கியது.

மைக்கை முன்னால் தள்ளி வைத்ததும் குரல்கள் கெட்டிப்பட்டன. ஆனால் அந்த டக் டக் போகவில்லை. டெலிபோன்காரிக்கு எங்கே சத்தம் கேட்டாலும் கம்பிமேல்தான் சந்தேகம் வரும். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினாள், ஒயரை ஆட்டினாள், சின்னுசாமியைத் திருப்புளி எடுக்க வைத்தாள். தன் மெஷினைப் பழி சொல்கிறாளே என்று அவர் முகம் சுருங்கியது. கடைசியில் குழுவை மறுபடி பாடச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். டக் டக். உடனே அப்பாவின் கை அசைந்தது. டக் டக். மறுபடி அப்பாவின் கை. அம்மாவின் இடது கை ஆர்மோனியத்தின் மர விளிம்பில் கிடந்தது. அதில் கல்யாண மோதிரம்.

தாளம் தட்டுகிற பழக்கம் போலிருக்கிறது என்றுதான் அன்னாள் நினைத்தாள். பக்கத்தில் போய், "அம்மா, மோதிரம் மரத்துல இடிக்குது. கழட்டி வெச்சுக்கறியா?" என்றாள். இசபெல்லா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மோதிரம் இல்லாமல் பாடியது நாலு வரிகூடத் தாங்கவில்லை. குழு கடைசி எழுத்தை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் அடுத்த அடிக்குப் போய்விட்டார். பாதிப்பேர் அவரோடு ஓடினார்கள், பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். இசபெல்லாவின் வெறும் விரல் மரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் திரும்பி, அசையாமல் நின்ற வாய்களைப் பார்த்துத் துருத்தியை நிறுத்திவிட்டு, "யாரு பின்னாடி இழுக்கறது?" என்று அதட்டினார்.

"என்னுதுதானுங்க மாஸ்டர், தப்பு" என்றார் மிக்கேல். அவர் சரியாகத்தான் பாடினார். அன்னாள் கேட்டாளே. மற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தத் தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

அன்னாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். மாதா சிலை வைத்த கெபியின் பக்கத்தில் நின்றுகொண்டு இசபெல்லா முந்தானை முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தாள்.

"அப்பாவுக்குக் காது கேக்கறதில்ல கண்ணு" என்றாள்.

"மந்தம்னு தெரியும்மா."

"மந்தமில்ல. ஆர்மோனியத்தைக் கையில உணர்ந்து வாசிக்கறாரு. எங்க கொரலு ஒண்ணும் கேக்காது. ஆறேழு வருஷமா நான் மரத்துல தட்டறேன், அது அவரு உள்ளங்கையில படும். அதை வெச்சுத்தான் அடுத்த அடிக்குப் போறாரு."

"அவரா தட்டச் சொன்னாரு?"

"இல்ல. நான் சொல்லிக்கவும் இல்ல, அவரு கேட்டுக்கவும் இல்ல. பாட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். அவங்களும் சொல்லிக்கறதில்ல."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இசபெல்லா மாதாவின் காலடியில் கிடந்த காய்ந்த பூவை எடுத்து ஓரமாகப் போட்டாள். "பெத்லகேமுக்குத் திட்டறதை நிறுத்தினாரே, அன்னிக்குத்தான்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிப் போகவில்லை என்று அன்னாள் கோபித்துக்கொண்டாள். பாய்லரில் போன காது திரும்பாது என்று ரயில்வே டாக்டர் எப்போதோ பொதுவாகச் சொல்லிவிட்டாராம். ஊர் அறிய அதைப் பேசினால், செவிடனுக்கு எதற்குப் பாட்டு என்று மனிதர் ஆர்மோனியத்தைப் பூட்டிச் சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிடுவார். அப்புறம் அவர் எதற்காகக் காலையில் எழுந்திருப்பார் என்று அம்மா கேட்டாள். அன்னாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மோதிரம் தட்டினால் வானொலிக்காரர்கள் டேப்பைத் தள்ளிவிடுவார்கள். தட்டாவிட்டால் பாட்டே இல்லை. வேறு எப்படியாவது தொட்டுக் காட்டலாம் என்றாலோ அப்பாவிடம் உடைத்துப் பேச வேண்டும். அப்பாவின் பாட்டும் போய், அப்பாவின் மானமும் போகிற இடத்தில் அவரைத் தான் கொண்டுவந்து நிறுத்திவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அப்பா உள்ளே யாரையோ அதட்டுவது கெபி வரைக்கும் கேட்டது. பாவம், என்ன பாவப்பட்ட அதட்டல் அது. அவளுக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஓடினாள்தான். ஆனால் கட்டிக்கொள்ளவில்லை. நேராக மெஷினிடம் போய்ச் சின்னுசாமியின் காதில் ஏதோ சொன்னாள். அவர் அவளையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீளமான ஒயர் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"அப்பா" என்று அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். "ரேடியோவுல எல்லாம் பாட்டு நடத்தறவருதான் ஹெட்போன் போட்டுக்குவாராம். நீங்க போட்டுக்குங்க."

மாஸ்டர் அவளுடைய உதட்டையே பார்த்தார். "யாரு சொன்னா?"

கடைசி பெஞ்சிலிருந்து பங்குச் சாமியார் எழுந்தார். "ரோமாபுரியிலயும் அப்பிடித்தானாம் மாஸ்டர்" என்று உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோயிலுக்குள் நின்று அவர் அவிழ்த்துவிட்ட அந்தப் பொய்க்கு யாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார் என்பது நமக்குத் தெரியாது.

முதலில் துரை ஹெட்போனைத்தான் மாட்டினார்கள், தலை வலிக்காதே என்று. மாஸ்டரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சின்னுசாமி சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். திடீரென்று கோயிலே அலறியது. பஞ்சு வழியாக ஒழுகிய சத்தம் பக்கத்திலிருந்த மைக்கில் விழுந்து, மைக்கிலிருந்து மறுபடி ஹெட்போனுக்கு வந்து, சுற்றிச் சுற்றி ஊளையிட்டது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

மாஸ்டரும் பொத்திக்கொண்டார்.

அன்னாளும் இசபெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போதிய சத்தம் கொடுத்தால் அந்தக் காதில் ஏறுகிறது. அதை வெளியே ஒழுகவிடாத ஹெட்போன்தான் வேண்டும். அன்னாள் கறுப்பு ரப்பர்க் கிண்ணங்களைக் கொண்டுவந்து அப்பாவின் காதுகளில் வைத்து இறுக்கினாள்.

"சின்னச் செருப்புல காலை நொழச்ச மாதிரி இருக்குது" என்று மாஸ்டர் சலித்துக்கொண்டார். சின்னுசாமி மெல்ல மெல்லத் திருகினார். திருகு முக்கால் வட்டம் போனபோது மாஸ்டரின் சலிப்பு பாதியில் நின்றது.

அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். விரட்டிய குருவிகளில் ஒன்று திரும்பி வந்திருந்தது. பிறகு பின்னால் திரும்பினார். மிக்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். விரல் நகம் ஆர்மோனியக் கட்டையில் உரசிக்கொண்டிருந்தது. அவர் துருத்தியை இழுத்து முதல் வரியைத் தொடங்கினார். குழு சேர்ந்துகொண்டது. முதல் அடி முடிகிற இடத்தில் இசபெல்லாவின் கை, முந்தானையிலிருந்து திரும்பி வந்திருந்த மோதிரத்தோடு, பழக்கத்தில் மரத்தைத் தட்டிவிட்டது.

ஆர்மோனியம் நின்றது.

மாஸ்டர் அந்த மோதிரத்தைப் பார்த்தார். இத்தனை வருஷமாக உள்ளங்கையில் மட்டும் பட்ட தட்டல் இன்றைக்குத்தான் சத்தமாகக் கேட்டிருக்கிறது. "இவ்வளவு சத்தமாவா தட்டிட்டிருந்தே?" என்று கேட்டார்.

இசபெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் திரும்பிக் குழுவைப் பார்த்தார். "அப்ப உங்க அல்லாருக்கும் தெரியும்" என்றார். கேள்வியாக இல்லை. மிக்கேல் ஜன்னலைப் பார்த்தார். ஆர்மோனியத்தின் மூடிமேல் மாஸ்டரின் கை போய் விழுந்தது. இதோ மூடப் போகிறார் என்று அன்னாளுக்குத் தோன்றியது. ஏன் இந்த வேலையில் இறங்கினோம், டேப்பும் வேண்டாம் ரேடியோவும் வேண்டாம், பழையபடி மோதிரத்தைத் தட்டிக்கொண்டு பாடட்டுமே என்று மனசுக்குள் மாதாவிடம் மன்றாடினாள்.

"எதுக்குடா என்கிட்ட இத்தனை வருசமா திட்டு வாங்கினீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

மிக்கேல்தான் சொன்னார். "உங்க கை இல்லாம எங்களுக்குப் பாட வராதுங்க மாஸ்டர்."

மைக் அதைச் சிந்தாமல் கொண்டுபோய் அவர் காதில் போட்டது. மாஸ்டர் மூடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு இசபெல்லாவின் கையை மரத்திலிருந்து எடுத்து, உடைந்துவிடுகிற பொருளைப் போல அவள் பக்கமாகவே மெல்ல இறக்கி விட்டார். "பாடுங்க" என்றார்.

பாடினார்கள். இந்த முறை அடி முடிந்து அடி தொடங்கியது கல்லில் கல் பொருந்துவது போல இருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். இசபெல்லாவின் குரல் மேலே ஏறியது. விழித்திரு பெத்ல...

பட்டென்று துருத்தி நின்றது.

"பெத்லகேம் ஒரே ஊரு புள்ள" என்றார் மாஸ்டர். "நடுவுல எதுக்கு வண்டியை நிறுத்தறே?"

இசபெல்லா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாருக்கும் விளங்கவில்லை. இரண்டுமாகத்தான் இருந்திருக்கும். பின்னாலிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பங்குச் சாமியார் கைக்குட்டையைத் தேடினார். மாஸ்டருக்கோ ஒன்றும் புரியவில்லை. தப்பு செய்தால் திட்டினேன், அதற்கு எதற்கு ஊரே அழுகிறது என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் மறுபடி நின்றார்கள். சின்னுசாமி ரீலை முதலிலிருந்து ஓட்டினார். மெஷினில் ஒரு ஹெட்போனுக்குத்தான் வழி இருந்தது, அது அப்பா தலையில் இருந்தது. அன்னாளுக்குக் கேட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. காதை நம்பியே சோறு தின்றவள் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பச்சைக் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அது விரிந்தது, நெருங்கியது, ஒரு தடவைகூட முட்டிக்கொள்ளவில்லை. பெத்லகேம் வந்தபோது அம்மா அதே இடத்தில் மறுபடியும் மூச்சு வாங்கினாள். அப்பா வாசிப்பை நிறுத்தவில்லை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வரியை அம்மா பாடியபோது குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அதுவும் டேப்பில் ஏறித் திருச்சிக்குப் போயிற்று.

மிக்கேல் ரீலைத் தன் கோட்டுப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். சின்னுசாமி ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்து, ஹெட்போனைக் கேட்க மாஸ்டரிடம் வந்தார். மாஸ்டர் அதைக் கழற்றவில்லை. கேட்கவும் மனசு வராமல், நிற்கவும் முடியாமல் சின்னுசாமி கொஞ்சம் தவித்தார்.

"அம்மிணி, ஒரு டீ குடிச்சிட்டு வாரேனுங்க. மெஷினு அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்து மைக்கைக் காட்டினார். "அதுல ஏதாச்சும் பேசு புள்ள."

"என்னத்தப் பேசறதுங்க?" என்றாள் இசபெல்லா. பச்சைக் கண் அசைந்தது. வீட்டில் போய்ச் சோறு வைக்க வேண்டும் என்றாள், கோழி அடைந்திருக்குமோ என்னமோ என்றாள். அவர் அத்தனையையும் பாட்டுக் கேட்பது போலக் கேட்டார். கொஞ்ச நேரம் அவள் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு மைக்கின் பக்கமாகக் குனிந்தாள்.

"எனக்கு அந்த எடத்துல மூச்சு முட்டறதே இல்லீங்க. கல்யாணமான புதுசுல முட்டும், அவ்வளவுதான். அப்பறம் எப்பவோ சரியாப் போச்சு. நீங்க திட்டறதுக்காகத்தான் நிறுத்துவேன். நீங்க விட்டதுக்கு அப்பறமும் நிறுத்துனேன். இந்த வாரமாச்சும் திட்டுவீங்களான்னு பாத்துட்டே இருந்தேனுங்க."

அன்னாள் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். போய்விடலாமா என்று நினைத்தாள், ஆனாலும் போகவில்லை. அப்பா ஹெட்போனின் இரண்டு கிண்ணங்களையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சீக்கிரமே சின்னுசாமி டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவார், அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அவர் மைக்கின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். அன்னாள் பழக்கத்தில் பச்சைக் கண்ணைப் பார்த்தாள். இதோ மூடிக்கொள்ளப் போகிறது என்று காத்திருந்தாள். மூடவில்லை. இமைகள் லேசாகத் துடித்தன, அவ்வளவுதான். தன் குரல் தனக்குக் கேட்டதும் அப்பா அத்தனை மெல்லப் பேசினார்.

"இனிமேலும் அங்கயே நிறுத்து புள்ள" என்றார். "கேக்காட்டியும் திட்டறேன்."